கரி பிடித்த கை

ஓவியம் வரைகிறவனுக்குக் கிடைத்த பொருள்களிலேயே பெரிய வரம் கரிதான். இதை யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். பென்சிலில் வரைந்திருக்கிறேன், நீர்வண்ணம் தீட்டியிருக்கிறேன், எண்ணெய் வண்ணத்தின் வாசனையில் இரவெல்லாம் கிடந்திருக்கிறேன். எல்லாமே பிடிக்கும். ஆனால் கரிக்குச்சியைக் கையில் எடுத்த அடுத்த நிமிடம் தோள் தளர்ந்து, மூச்சு சீராகி, பெரிதாக வரையலாம் என்று ஒரு துணிச்சல் வருகிறதே, அதை வேறு எந்தப் பொருளும் எனக்குத் தந்ததில்லை.

ஏன் என்று யோசித்தால் காரணம் ஒன்றே ஒன்றுதான். கரி எதையும் இறுகப் பற்றாது. மை தாளுக்குள் ஊறிவிடும். நீர்வண்ணம் நாரோடு கலந்துவிடும். பென்சில் அழுத்த அழுத்தப் பளபளத்து, தாளில் தடம் பதிக்கும். கரி மட்டும் தாளின் மேட்டிலும் பள்ளத்திலும் சும்மா உட்கார்ந்திருக்கும். ஊதினால் பறக்கும், விரல் பட்டால் நகரும், துணியால் தட்டினால் பாதி கொட்டிப்போகும். இதைக் குறையாகச் சொல்லிக் கரியை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதன் அத்தனை மகிமையும் அங்கேதான் தொடங்குகிறது. ஒட்டாத பொருளை நகர்த்தலாம், கரைக்கலாம், எடுக்கலாம், மறுபடி போடலாம். முடிவு செய்துவிட்டுக் கோடு போட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. கோடு போட்டுக்கொண்டே முடிவு செய்யலாம்.

கடையில் போய் சார்கோல் என்று கேட்டால் மூன்று விதமாக எடுத்து வைப்பார்கள். சற்றே கோணலான மெல்லிய குச்சிகள் முதல் வகை. மரக்குச்சியை அப்படியே சுட்டு எடுத்தவை. இதற்கு மேல்நாட்டில் வில்லோ மரமும் திராட்சைக் கொடியும் பேர்போனவை. இங்கிலாந்தின் சாமர்செட் தாழ்நிலங்களில் இதற்கென்றே வில்லோ வளர்த்துச் சுடுகிறார்கள். இரண்டாவது, கரித்தூளில் பசை சேர்த்து அச்சில் அழுத்திய கட்டி. பசை இருப்பதால் ஆழமாகக் கறுக்கும், லேசில் அழியாது. மூன்றாவது அதையே மரத்துக்குள் அடைத்த பென்சில். கண்ணிமை, நகக்கணு என்று நுணுக்கம் தேவைப்படும் இடங்களுக்கு. நான் எப்போதும் குச்சியில் தொடங்கிக் கட்டியில் முடிப்பேன். குச்சி மனம் மாற இடம் கொடுக்கும், கட்டி கொடுக்காது. எனவே எல்லாம் உறுதியான பிறகுதான் கட்டிக்கு வேலை.

குச்சிக்கரியை வீட்டிலேயே சுடலாம் என்று தெரிந்த பிறகு என் ஆசை கரை கடந்துவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் சாலைகளில் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஏதாவது ஒரு திராட்சைத் தோட்டத்தில் எப்போதும் கவாத்து நடந்துகொண்டிருக்கும். பன்னீர் திராட்சை அங்கே ஆண்டு முழுக்கக் கிடைப்பது. ஒரு தோட்டத்தில் பழம் பறிப்பார்கள், அடுத்த தோட்டத்தில் கொடியை வெட்டிக்கொண்டிருப்பார்கள். வெட்டிய கொடிகள் பந்தலுக்கு அடியில் குவிந்து கிடக்கும். ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வரைந்த அதே திராட்சைக் கொடி! வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் போய்க் கேட்டேன்.

“இந்தக் குச்சியில கொஞ்சம் எடுத்துக்கலாமாண்ணே?”

“தாராளமா எடுத்துக்கோ தம்பி. எப்படியும் கொளுத்தத்தான் போறோம்.”

“நானும் கொளுத்தத்தான்ணே கேக்குறேன். கரியாக்கிப் படம் வரையறதுக்கு.”

படம் என்றதும் அவரே குனிந்து பந்தலுக்குள் நுழைந்தார். கணு குறைந்த, நேரான கொடியாகப் பார்த்துப் பார்த்து ஒடித்து, ஒரு கட்டாகக் கட்டிக் கையில் கொடுத்தார்.

சுடுவது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். பென்சில் தடிமனுள்ள கொடியைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, பட்டையை உரித்து, நன்றாகக் காயவிட வேண்டும். இறுக்கமான மூடி போட்ட தகர டப்பாவில் சந்து இல்லாமல் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை போட வேண்டும். டப்பாவை விறகுத் தணலுக்குள் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்ளலாம். முதலில் துளை வழியே வெள்ளையாக ஆவி வரும். அது குச்சியில் மிச்சமிருந்த ஈரம். அப்புறம் புகை கனத்து மஞ்சளிக்கும். மரத்திலிருந்து வாயு வெளியேறுகிறது. சில நேரம் அந்தப் புகையே பற்றிக்கொண்டு, துளையின் வாயில் சின்னத் தீநாக்காக நின்று எரியும். அந்தத் தீநாக்கு சுருங்கி அணைந்து, புகையும் ஓய்ந்தால் உள்ளே வேலை முடிந்தது. காற்று இல்லாத இடத்தில் குச்சி எரிய முடியாது. வாயுவாகப் போகக்கூடியதெல்லாம் போய், கரி மட்டும் கொடியின் உருவத்தோடு நிற்கிறது. டப்பா முழுக்க ஆறும்வரை மூடியில் கை வைக்கவே கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் கனன்று, எல்லாம் சாம்பலாகிவிடும்.

ஆறிய டப்பாவைத் திறக்கும்போது இருக்கும் பரவசத்தை எப்படிச் சொல்வது! கணுவும் வளைவும் அப்படியே இருக்க, உடல் மட்டும் மெலிந்து, நீலம் ஓடிய கறுப்பில் குச்சிகள் படுத்திருக்கும். ஒன்றை எடுத்து இன்னொன்றில் தட்டினால் கண்ணாடி வளையல் உரசியது போல் கிண்ணென்று ஒலிக்கும். அந்தச் சத்தம் வந்தால் சுட்டது சரி. மந்தமாக ஒலித்தால் உள்ளே இன்னும் மரம் இருக்கிறது, அது தாளைக் கீறும். கம்பத்துக் கொடியின் கரி அடர்கறுப்பு கிடையாது. சாம்பல் கலந்த மென்மையான கறுப்பு. முகம் வரையும்போது கன்னத்து நிழலுக்கு அதைவிட இதமான நிறத்தை நான் பார்த்ததில்லை.

ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் போட்டு மூடி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரிமூட்டம் போடுகிறார்கள் அல்லவா, என் தகர டப்பாவில் நடப்பதும் அதே வேலைதான். அந்த மூட்டத்துக் கரி அடுப்புக்கும் தேய்ப்புப் பெட்டிக்கும் போவது, இறுகியது, கனமானது. முகம் வரைய உதவாது. ஆனால் கைப்பிடி அளவுள்ள ஒரு துண்டை எடுத்துப் பெரிய தாளில் கிடையாக இழுத்துப் பாருங்கள். பாறை வரும், பனைமரத்துத் தூர் வரும், இடிந்த மதில் வரும். கீறலும் சொரசொரப்புமாக ஒரே இழுப்பில் வந்துவிழும் அந்தப் பரப்பைக் கடைக்கரியால் உண்டாக்கவே முடியாது.

புளியங்குச்சிக்கும் ஒரு பெருமை உண்டு. ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரிக் கலைஞர்கள் துணியில் போடும் முதல் கோடு புளியங்குச்சியைச் சுட்ட கரியால்தான். கடுக்காயும் பாலும் ஊட்டிய பருத்தித் துணியை விரித்து, ராமாயணத்தின் தேரும் குதிரையும் எந்த மூலையில் எவ்வளவு பெரிதாக நிற்க வேண்டும் என்பதைக் கரியில் முடிவு செய்கிறார்கள். பிறகுதான் இரும்பும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரில் மூங்கில் எழுதுகோலைத் தோய்த்து, நிரந்தரக் கோடு போடுகிறார்கள். அந்த நீர் கடுக்காயோடு சேர்ந்து அழியாத கறுப்பாகிவிடும். அடியில் இருந்த கரி துணியை அலசும்போது போய்விடும். வழியைக் காட்டிவிட்டுத் தானாக விலகிக்கொள்ளும் அந்தக் குணம் இருப்பதால்தான் அத்தனை பெரிய துணியைக் கண்டு அவர்கள் கை தயங்குவதில்லை.

கரிக்குச்சியை எழுதுகோலாகப் பிடிக்கவே வேண்டாம். சின்னதாக ஒடித்து, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே படுக்க வைத்துப் பிடியுங்கள். பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, எட்ட நின்று, தோளிலிருந்து கையை வீசி வரையுங்கள். செங்குத்தாக நிறுத்தினால் உதிரும் தூள் படத்தில் தங்காமல் கீழே விழும் என்பது ஒரு வசதி. அதைவிட முக்கியம், மணிக்கட்டில் அடங்கிக் கிடந்த கோடு தோளுக்கு வந்ததும் அடையும் விடுதலை. குச்சியின் பக்கவாட்டை இழுத்தால் ஒரு சாண் அகல நிழல். அதே இழுப்பின் பாதியில் மெல்ல முனைக்குத் திருப்பினால் அந்த நிழல் சுருங்கிச் சுருங்கி ஒரு மயிரிழையில் போய் முடியும். ஒரு பெண் குனிந்து தண்ணீர் மொள்ளும் முதுகை, தோளில் தொடங்கி இடுப்பில் முடியும் அந்த வளைவை, கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் கொண்டுவந்த அன்று எனக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

தேய்ப்பது தனிக் கலை. விரலால் தேய்க்கலாம், மெல்லிய தோல் துண்டால் தேய்க்கலாம், காகிதத்தை இறுகச் சுருட்டிய ஸ்டம்பால் மூலை முடுக்குகளில் தேய்க்கலாம், உலர்ந்த முரட்டுத் தூரிகையால் தடவலாம். எனக்குப் பிடித்தது தூரிகைதான். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை தாளில் ஏறினால் அந்த இடத்தில் கரி திட்டாகத் தங்கிவிடும். தூரிகைக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் எல்லா இடத்தையும் தேய்த்து வழவழப்பாக்கி, புகைப்படம் மாதிரி இருக்கிறது என்று பாராட்டு வாங்குகிறார்களே, அதில் எனக்கு உடன்பாடே இல்லை. தேய்த்த பரப்புக்குப் பக்கத்தில் தேய்க்காத ஒரு கரகரப்பான இழுப்பு இருந்தால்தான் இரண்டும் உயிர்பெறும்.

கரியின் உச்சபட்ச இன்பம் எடுப்பதில் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு எருமையைவிட நல்ல துணை இல்லை.

மழை விட்ட பிறகு ஊர்க் குட்டையில் முதுகு மட்டும் தெரிய அமிழ்ந்து கிடக்கும் எருமையை நினைத்துக்கொள்ளுங்கள். தாள் முழுவதும் கரித்தூளைத் துணியால் பூசிவிடுகிறேன். வெள்ளையே மிச்சமில்லாத சாம்பல் பரப்பு. இப்போது கையில் பிசையும் ரப்பர். மெழுகுப் பதத்தில் இருக்கும் அதை விரலால் கிள்ளி, தட்டையாகக் கூராக்கிக்கொண்டு, எருமையின் முதுகெலும்பு ஓடும் இடத்தில் மெல்ல ஒற்றி எடுக்கிறேன். அங்கே ஈரத்தின் மினுக்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. விலா மேட்டில் இன்னும் லேசாக ஓர் ஒற்றல். கொம்பின் அடியில் வரிவரியாக இருக்கும் மேடுகளுக்கு ரப்பரின் ஓரத்தால் அரைவட்டம் அரைவட்டமாக ஒற்றல்கள், நுனிக்குப் போகப் போக அடங்கிக் கடைசியில் ஒன்றுமில்லை. மூக்கின் ஈரத்துக்கு ஊசிமுனையாக்கிய ரப்பரால் பொடிப்பொடியான புள்ளிகள். தண்ணீருக்குத் துணியின் மடிப்பைக் கிடைவாட்டில் வைத்து ஒரே துடைப்பு. அது உடம்பைத் தொடும் இடத்தில் மட்டும் நிறுத்திக்கொண்டால் குட்டையின் நீர்மட்டம் தானாகத் தெரியும். இதுவரை ஒரு கோடுகூடப் போடவில்லை! கறுப்பை எடுத்தே ஒரு மிருகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. கடைசியில்தான் அழுத்திய கட்டியை எடுத்து, மூக்குத்துளை, காதுக்குழி, தாடைக்கு அடியில் நிழல் என்று மூன்று நான்கு இடங்களில் அடர்கறுப்பை வைக்கிறேன். கண்ணையும் முழுக்கக் கறுப்பாக்கிவிட்டு அதற்குள் ஒரே ஒரு புள்ளியை ஒற்றி எடுத்ததும், எருமை என்னைப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த நொடியில் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ரப்பர் புழக்கத்துக்கு வராத காலத்தில் ஓவியர்கள் ரொட்டியின் நடுப்பகுதியைப் பிசைந்துதான் கரியை எடுத்தார்கள். வெண்ணெய் தடவாத பழைய பிரெட் இருந்தால் நீங்களும் செய்து பாருங்கள். இளஞ்சாம்பலை ரொட்டி எடுக்கும் நாசூக்கு ரப்பருக்கு வராது.

இனி தாள். கரி எங்கே உட்காருகிறதோ அந்த இடம்தான் பாதிப் படம். வழவழத்த ஆர்ட் பேப்பரில் கரியை வைத்தால் பிடிக்க ஒன்றுமில்லாமல் வழுக்கி விழும். சாதாரண கார்ட்ரிட்ஜ் தாள் பழகுவதற்கு நல்லது, எல்லாவற்றையும் சுமாராகச் செய்யும். கேன்சன் நிறுவனத்தின் மி தாந்த் தாளில் ஒரு பக்கம் தேன்கூட்டு வடிவில் பள்ளங்கள் இருக்கும். பலருக்கு அது பிடிக்கிறது. எனக்கு எதை வரைந்தாலும் அந்தத் தேன்கூடு முந்திக்கொண்டு தெரிகிறது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்து மென்மையில் வரைவதுதான் என் வழக்கம். ஆங்க்ர் தாளில் கம்பிச் சல்லடையின் தடங்கள் வரிவரியாக ஓடும். குச்சியைப் படுக்க வைத்து இழுத்தால் அந்த வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். மழை வரைய வேறு எதுவும் செய்ய வேண்டாம், தாளே பெய்யும்.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைத் தாளைத் தொட்டிருக்கிறீர்களா? பருத்தி நாரில் செய்தது, ஓரங்கள் பிசிறு பிசிறாக இருக்கும். அதில் கரி பள்ளத்துக்குள் ஆழமாக இறங்கிவிடும். அழித்தாலும் முழுக்கப் போகாது, முன்பு கை எங்கே இருந்தது என்பதன் சாயல் அடியில் தங்கியிருக்கும். ஆட்டக்காரியை வரையும்போது இதற்காகவே அந்தத் தாளை எடுப்பேன். கை மேலே இருந்த நிலை, நடுவில் வந்த நிலை, கீழே இறங்கிய நிலை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்க, நின்ற படத்துக்குள் அசைவு வந்துவிடுகிறது.

மரவேலைக்கு வாங்கும் உப்புத்தாளில் வரைந்து பாருங்கள். மெல்லிய ரகமாக எடுத்துக்கொண்டால் போதும். குச்சியை வைத்ததும் கறுமுறுவென்று தின்னும். சில இழுப்புகளில் ஒரு துண்டே கரைந்துபோகும். ஆனால் கிடைக்கும் கறுப்பு இருக்கிறதே! வெல்வெட்டின் அடர்த்தி. கரண்ட் போன தெரு, கிணற்றின் உட்புறம், கருவறை வாசல் என்று இருட்டே பேச வேண்டிய படங்களை நான் வேறு எதிலும் வரைவதில்லை.

மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கும் பழுப்புத் தாளுக்கு ஒரு தனி வசீகரம். பாதி நிழல் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. கரியால் இருளைக் கூட்டி, வெள்ளைச் சாக்கால் ஒளியைத் தொட்டு, நடுவில் இருப்பதைத் தாளிடமே விட்டுவிடலாம். கரியும் சாக்கும் மட்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது, தொட்டால் சேற்றுச் சாம்பலாகிவிடும். ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1933-இல் பழுப்பு நிற ஆங்க்ர் தாளில் தன்னையே வரைந்த கரி ஓவியம் ஒன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. முகமும் வரைகின்ற கையும் கவனமாக இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் முழங்கையில் பாருங்கள், கரியின் பக்கவாட்டால் மேலும் கீழும் வெறிகொண்டு இழுத்த ஓர் இழுப்பு! சட்டையில்லை, மடிப்பில்லை, வரைகிறவளின் வேகம் மட்டும்தான் அங்கே இருக்கிறது. அச்சில் பார்த்தே எனக்கு மூச்சு முட்டியது.

சுவரை மறந்துவிடக் கூடாது. வெள்ளையடித்த சுவரில் அடுப்புக்கரியால் மூன்று ஸ்டம்புகள் வரைந்து கிரிக்கெட் ஆடாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? சுண்ணாம்புச் சுவரின் பொருபொருப்பில் கரி அத்தனை அழகாக ஏறும். தெற்கு பிரான்சில் 1994 டிசம்பரில் கண்டுபிடித்த ஷோவே குகையில் இந்தச் சேர்க்கையின் உச்சத்தைக் காணலாம். குதிரைகளையும் காண்டாமிருகங்களையும் அங்கே கரியால் வரைந்து வைத்திருக்கிறார்கள். பைன் மரக் கரி. வரைவதற்கு முன் பாறையைச் சுரண்டி வெள்ளையான பரப்பை உண்டாக்கியிருக்கிறார்கள். குதிரைகளின் முகத்தில் கரியை விரலால் தேய்த்து நிழல் கொடுத்திருக்கிறார்கள். நான் இன்று செய்யும் அதே தேய்ப்பு! கரி ஒரு காலத்தில் உயிருள்ள மரமாக இருந்ததால் ரேடியோ கார்பன் முறையில் அந்தப் படங்களின் வயதையே கணக்கிட முடிந்தது. பல படங்கள் 30,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. ஒரு விரல் பட்டால் போய்விடும் பொருள், யாரும் தொடாமல் விட்டால் இத்தனை காலம் துளியும் வெளுக்காமல் நிற்கிறது. வெயிலுக்கு மங்கும் சாயங்கள் எத்தனையோ உண்டு. கரி வெறும் கார்பன், வெளிச்சத்தால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

அதன் பிறகு வந்த எந்தப் பெரிய ஓவியனும் கரியைத் தாண்டிப் போகவில்லை. சுவரோவியங்களுக்கு முன்னோட்டமாக அதே அளவில் தாளில் கரியால் வரைந்தார்கள். கோட்டின் மீது ஊசியால் துளைகள் குத்தி, கரித்தூள் பொதிந்த துணிமூட்டையால் தட்டினால் சுவரில் புள்ளிப்புள்ளியாக உருவம் இறங்கும். ஆரி வேலை செய்கிறவர்கள் துளையிட்ட தாள் வழியே துணியில் டிசைன் இறக்குவது இதே முறைதான். ரஃபேல் ‘ஏதென்ஸ் பள்ளி’ ஓவியத்துக்காகக் கரியில் வரைந்த எட்டு மீட்டர் நீளத் தாள் மிலானின் அம்ப்ரோசியானா கூடத்தில் இன்றும் இருக்கிறது. லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் லியனார்டோவின் படமோ எட்டுத் தாள்களை ஒட்டி, கரியும் வெள்ளைச் சாக்கும் கொண்டு வரைந்தது. மரியாளும் புனித அன்னாவும் குழந்தைகளும். முகங்களில் நிழல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைக்க முடியாது. அதே படத்தில் வானை நோக்கி நீட்டிய அன்னாவின் கை வெறும் கோட்டு வரைவாக நிற்கிறது. அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். முடிந்ததையும் முடியாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டையும் அழகாக்கக் கரியால்தான் முடியும்.

நம் காலத்தில் இந்தப் பொருளை ஆளுகிற மன்னர் தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ். ஒரு தாளில் கரியால் வரைவார், கேமராவில் ஒரு படம் எடுப்பார், கொஞ்சம் அழித்து மாற்றி வரைவார், மறுபடி ஒரு படம். 1989 முதல் இப்படியே திரைப்படங்கள் செய்துவருகிறார். அழித்த இடத்தில் கரியின் நிழல் தங்கிவிடுவதால், திரையில் நடந்து போகிறவனுக்குப் பின்னால் அவன் கடந்துவந்த தடமும் சாம்பலாகக் கூடவே வரும். 2018-இல் கொச்சி பினாலேயில் எட்டுத் திரைகளில் ஓடிய அவருடைய ஊர்வலப் படைப்பைப் பார்த்தேன். பித்தளை வாத்தியங்கள் முழங்க, கரியில் வரைந்த நிலப்பரப்பின் முன்னால் நிழல் மனிதர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். முடிந்ததும் எழுந்து போக மனமில்லாமல் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன்.

நீரையும் எண்ணெயையும் சொல்லாமல் விட்டால் பாவம். கரித்தூளைத் தண்ணீரில் கலந்து தூரிகையால் தீட்டினால் நீர் காய்ந்த பிறகு துகள்கள் கரை கரையாகப் படியும். மேகத்துக்கும் பாசி பிடித்த படிக்கட்டுக்கும் அதற்கு இணையே இல்லை. காய்ந்த பிறகு ரப்பரால் எடுக்கவும் எடுக்கலாம். குச்சியை ஆளி விதை எண்ணெயில் ஊறவைத்து வரைந்தால் கதையே மாறிவிடும். ஆழ்ந்த கறுப்பு, அழியாத கோடு, அதைச் சுற்றி மெல்லிய பழுப்புக் கசிவு. பழைய வெனிஸ் ஓவியர்கள் இதைக் கையாண்டிருக்கிறார்கள். ஆனாலும் எண்ணெய் சேர்ந்ததும் கரி தன் சுபாவத்தை விட்டுவிடுகிறது என்பதால் நான் அதைக் கொஞ்சமாகத்தான் தொடுகிறேன்.

வரைந்து முடித்ததும் ஃபிக்சேட்டிவ் அடிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாராயத்தில் கரைத்த அரக்கை ஊதித் தெளித்தார்கள். இப்போது கேனில் வருகிறது. அடித்தால் துகள் நிற்கும், ஆனால் படம் ஒரு படி இருண்டுவிடும். நாசூக்கான இளஞ்சாம்பல்களெல்லாம் முதலில் அடங்கிப்போகும். முழத்துக்கு அப்பால் நின்று, மெல்லிய படலமாக, காய விட்டுக் காய விட்டு அடித்தால் சேதம் குறையும். நான் பெரும்பாலும் அடிப்பதே இல்லை. அட்டைச் சட்டம் கொடுத்து, கண்ணாடி படத்தைத் தொடாத தூரத்தில் நிற்கும்படி பிரேம் போட்டுவிடுவேன். பிரேம் கடைக்காரரிடம் கண்ணாடிதான் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். எடை குறைவு என்று அக்ரிலிக் போட்டுக்கொடுத்தால், அதில் சேரும் நிலைமின்சாரம் தாளிலிருந்து கரியை மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். தூளோடு வேலை செய்யும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், படத்தை வாயால் ஊதாமல் பலகையின் பின்புறத்தைத் தட்டுங்கள்.

இப்போது என் மனம் முழுக்க ஓலையில் இருக்கிறது. ஏட்டில் எழுத்தாணியால் கீறிய எழுத்து வெறுமனே கண்ணுக்குத் தெரியாது. கரியும் இலைச்சாறும் கலந்து மேலே பூசித் துடைத்தால், கீறலுக்குள் போன கறுப்பு மட்டும் தங்கி எழுத்துகள் துலங்கும். மையாடல் என்று இதைச் சொல்வார்கள். கரிக்குப் பள்ளம் வேண்டும் என்பதை நம் ஏடெழுதிகள் எவ்வளவு துல்லியமாகக் கண்டுகொண்டிருக்கிறார்கள்! அதே வழியில் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு பூசிய பலகையை ஊசியால் கீறி, கம்பத்துக் கரியைத் தூளாக்கித் தேய்த்து, மேலே நிற்பதைத் துடைத்துப் பார்த்தேன். நான் கீறியது ஒரு வேப்பங்கிளை. துணியை எடுத்ததும் இலைகளின் ரம்பப் பல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கறுத்து நின்றது. அடுத்து நிஜப் பனையோலையை வேகவைத்துக் காயவைத்துப் பதப்படுத்தப் போகிறேன். அதில் தேய்க்கப் புதுக் கரி சுடுவதற்கு நொச்சியும் கொய்யாவும் வெட்டி உலர்த்தியாயிற்று, டப்பாவும் தயார்.